பன்னிரண்டாவது டாலி

பதினெட்டு வருடம் நான் ஒரு விஷயத்துக்காக வேலை பார்த்தேன். அது வரவே இல்லை. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. நிலநடுக்கம் வந்தால்தான் என் வேலை நல்ல வேலையா என்று தெரியும் என்பார்கள். தெரியாமலே இருக்கட்டும்.

என் பெயர் தாஸ். அம்பத்தூரில் வீடு. பழைய கான்கிரீட் சுவர்களுக்கு நார்த் துணி ஒட்டிப் பலப்படுத்துகிற வேலையிலிருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். கம்பெனியில் இப்போது இருக்கிற பிள்ளைகள் போன வாரம் போன் செய்தார்கள். ஸ்டோரில் சாமான்களைச் சரிபார்க்கிறார்களாம். டெஸ்ட் மெஷின் பெட்டியில் பன்னிரண்டு குழி இருக்கிறது, டாலி பதினொன்றுதான் இருக்கிறது, ஒன்று தொலைந்தது என்று எழுதிவிடலாமா என்று கேட்டார்கள். எழுத வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். எனக்குப் போனில் பேச வராது, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதவும் வராது என்பது போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

படிப்பு எட்டாவது வரை. அப்புறம் பெயிண்டர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டுக்கு வெள்ளையடிக்கப் போனபோது பக்கத்தில் சிலர் தூணுக்குக் கறுப்புத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆள் பற்றவில்லை, வருகிறாயா என்று கேட்டார்கள். தூணுக்குத் துணி சுற்றப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.  சாப்பாடு கட்டிக் கொடுக்கவா, அங்கேயே கொடுப்பார்களா என்று மனைவி கேட்டாள்.

பழக ஒரு மாதம் ஆனது. முதல் வாரம், துணி ஒட்டுகிற ரெசின் பசை சிந்தியதை மிதித்துக்கொண்டு நின்று பேசிக்கொண்டிருந்தோம். பேசியது என் கூட்டாளி முனுசாமி. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் பேச்சு முடிவதற்குள் ரெசின் இறுகிவிட்டது. என் இடது கால் செருப்பு இன்றைக்கும் அந்த ஷெட்டின் தரையில் இருக்கிறது. இரண்டாவது வாரம், கலந்த ரெசினை வாளியோடு வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். ரெசினையும் அதை இறுக வைக்கிற ஹார்டனரையும் கலந்தால் சூடேறும். சுவரில் பரப்பிவிட்டால் ஒன்றும் செய்யாது. வாளியில் மொத்தமாக விட்டால் அரை மணியில் கல்லாகும். திரும்பி வந்தபோது வாளி புகைந்துகொண்டிருந்தது.

“இன்னா அண்ணாத்தே, டீய இதுமேலயே வச்சு சூடு பண்ணிக்கினு இருக்கலாமே” என்றான் முனுசாமி.

எல்லாரும் முனுசு என்று கூப்பிடுவோம். கடைசி வரை என்னோடு வேலை பார்த்தான். நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவன் பேசினான்.

வேலை இதுதான். முதலில் சுவரில் உள்ள பூச்சையெல்லாம் எடுத்துவிட்டு, கிரைண்டர் போட்டுக் கான்கிரீட்டைத் தேய்க்க வேண்டும். உள்ளே இருக்கிற ஜல்லி கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூலைகளைக் கூராக விடக் கூடாது, உருட்டிவிட வேண்டும். இல்லையென்றால் துணியை அந்த முனையே அறுத்துவிடும். தூசியை ஊதித் துடைத்து, சுவர் காய்ந்திருக்கிறதா என்று மெஷின் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரச் சுவரில் துணி ஒட்டுவதும் சோற்றுப் பருக்கையால் ஒட்டுவதும் ஒன்று. அப்புறம் பிரைமர், பட்டி, ரெசின், துணி, மறுபடி ரெசின். துணியில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ரோலரை ஓட்டிக் காற்றை வெளியே தள்ள வேண்டும். நிலம் ஆடும்போது கான்கிரீட் விரியப் பார்க்கும். துணி அதை விரிய விடாமல் பிடித்துக்கொள்ளும். துணி நன்றாக இருந்து பிரயோசனமில்லை, சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். எல்லாம் அந்த ஒட்டில்தான் இருக்கிறது.

ஒட்டிவிட்டதா என்று பார்ப்பது குணசீலன் சார். எங்கள் இன்ஜினியர். பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். சுவரில் காதை வைத்து, நாணயத்தால் தட்டிக்கொண்டே போவார். டங் டங் என்றால் நல்லது. பொத் என்றால் உள்ளே காற்று. பொத் என்ற இடத்தில் திட்ட மாட்டார். சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். அவ்வளவுதான். அந்த வட்டத்தைப் பார்க்கிறதைவிடத் திட்டு வாங்குவது மேல் என்று எங்களுக்குத் தோன்றும். முனுசுவைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். முனுசு அதனாலேயே அவருக்குப் பயந்தான்.

இனி டாலி. தட்டிப் பார்ப்பது போக, இழுத்தும் பார்க்க வேண்டும். கனத்த இரும்பு வில்லை ஒன்றைத் துணியின் மேல் ஒட்டுவார்கள். அதுதான் டாலி. அதன் முதுகில் மரை போட்ட துளை இருக்கும். ஒட்டு இறுகிய பிறகு டாலியைச் சுற்றி வட்டமாக அறுத்துவிட்டு, மெஷினை அந்த மரையில் மாட்டி இழுப்பார்கள். துணி மட்டும் உரிந்து வந்தால் எங்கள் வேலை மோசம். கான்கிரீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்தால் வேலை நல்ல வேலை. நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் பன்னிரண்டு டாலி இருக்கும். தினமும் சாயந்திரம் சார் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணிவிட்டுத்தான் பெட்டியை மூடுவார்.

ஆவடியில் ஒரு பழைய ஊழியர் குடியிருப்பு. நான்கு மாடிக் கட்டடம். படிக்கட்டைச் சுற்றிக் கான்கிரீட் சுவர். அந்தச் சுவரின் மறுபக்கம்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஹால். அதை இரண்டு பக்கமும் பலப்படுத்தச் சொல்லி எங்களுக்கு வேலை வந்தது. அங்கே இருந்தவர்களுக்கு நிலநடுக்கத்தில் நம்பிக்கை இல்லை. சரக்கு ரயில் போனாலே பாத்திரம் ஆடுகிற ஊர். கனரக வண்டி ஒன்று தெருவில் திரும்பினால் ஜன்னல் ஆடும். இதற்குமேல் பூமி தனியாக என்ன ஆட்டிவிடப் போகிறது என்று நினைத்தார்கள்.

கீழ்த்தளத்தில் சகாயமேரி அம்மா. தூத்துக்குடிப் பக்கம். கணவர் தொழிற்சாலையில் வேலை. கிரைண்டர் தூசியில் வீட்டில் இருக்க முடியாது என்பதால் இருபது நாள் திருமுல்லைவாயிலில் நாத்தனார் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. அங்கே சுகமில்லை என்று தெரிந்தது. தினமும் காலையில் முதல் பஸ்ஸில் வந்து எங்கள் வேலை எவ்வளவு தூரம் என்று பார்ப்பார். அளவெடுப்பது மாதிரி பார்ப்பார்.

“நேத்தைக்கும் இவ்வளவுதானே இருந்துச்சு, தாஸ் அண்ணே?”

“ஆமாம்மா. மழை.”

“அங்க எனக்கு டீயில சீனி அளந்து போடுறா. கொஞ்சம் கை வீசி வேலை பாருங்க.”

அந்த வீட்டு ஹால் சுவரில் இரண்டு பக்கமும் துணி ஒட்டிய அன்று வெளியே நல்ல மழை. சுவர் உள்ளே. இருந்தாலும் முந்தின இரண்டு நாளும் பெரிய விளக்குகளைச் சுவரைப் பார்த்து எரிய விட்டோம். மெஷினை வைத்து நான்கு இடத்தில் ஈரம் பார்த்தேன். இருக்கலாம் என்ற அளவைவிட நான்கிலும் குறைவு. சார் அன்று தலைமை அலுவலகம் போயிருந்தார். ஈரம், சூடு, கலந்த நேரம், ஒட்டிய நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டியது நான். கை முழுக்க ரெசின். நோட்டைத் தொட்டால் நோட்டும் சுவரோடு போகும். சாயந்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். சாயந்திரம் எண் எதுவும் ஞாபகமில்லை. ஞாபகமிருந்ததை எழுதினேன்.

‘மழை.’

மறுநாள் சார் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். வேறு ஏதோ யோசனையில் இருந்திருக்க வேண்டும்.

அதே நாள் இன்னொன்றும் செய்தேன். வேலை முடிகிற நேரத்தில் சகாயமேரி அம்மா வந்தார். கக்கத்தில் பெரிய மாதா படம். தேக்குச் சட்டம், கண்ணாடி, நல்ல கனம். இதை எங்கே மாட்டுவது என்று கேட்டார். துணி ஒட்டிய சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, நார் அறுந்துவிடும் என்று சொன்னேன். மற்றச் சுவர்களில் ஒன்றில் ஜன்னல், ஒன்றில் பீரோ, ஒன்றில் டிவி.

“அப்ப மாதாவ பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டவா?”

 வாளியின் அடியில் ஒரு கை ரெசின் மீதி இருந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் கல்லாகிவிடும். பக்கத்தில் சாரின் பெட்டி. அதிலிருந்து ஒரு டாலியை எடுத்தேன். அதன் மரையில் கொக்கி ஒன்றைத் திருகினேன். துணியின் மேல் ஒட்டினேன். நாளைக்குச் சாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அம்மா படத்தை மாட்டிவிட்டார், சாரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் ரெசின் இறுகிவிட்டது. அதற்குப் பிறகு மனிதனால் எடுக்க முடியாது. மாதா படத்துக்குப் பின்னால் இருந்ததால் மேலுலகத்தில் இருப்பவர்களும் முயற்சி செய்திருக்க மாட்டார்கள்.

டாலியை ஒட்டிய அன்று சாயந்திரம் தலைமை அலுவலகத்திலிருந்து நேராக வந்து சார் பெட்டியைத் திறந்தார். விரலால் தொட்டு எண்ணினார்.

“பதினொண்ணு” என்றார்.

யாரையும் பார்க்கவில்லை. மூடினார்.

மறுநாள் சாயந்திரமும் பதினொன்று. அதற்கடுத்த நாளும். கேள்வி கிடையாது, விசாரணை கிடையாது. கணக்கைச் சொல்லிவிட்டு மூடுவார். எட்டு மாதம் இது நடந்தது. நாங்கள் பூந்தமல்லி போனோம், நசரத்பேட்டை போனோம். பெட்டியும் கூடவே வந்தது. தினமும் ஐந்தரை மணிக்கு வாளி கழுவுகிற சாக்கில் நான் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். திட்டுகிற ஆளாக இருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பேன்.

முனுசுவுக்குத் தெரியும். அவன் பார்த்திருந்தான். வாழ்க்கையில் அவன் வெளியே சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது ஒன்றுதான். அதற்காக மிகவும் கஷ்டப்பட்டான்.

குடியிருப்பு வேலை முடிந்த கையோடு ஒவ்வொரு வீட்டுக்கும் சார் ஒரு அட்டை கொடுத்திருந்தார். ‘இந்தச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது’ என்று அச்சடித்தது. மூன்றாவது மாடியில் ஒருவர் அந்த அட்டைக்குச் சட்டம் போட்டு, அதே சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்.  சார் ஆணியைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார்.

எட்டு மாதம் கழித்து, ஆவடி வேலையைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு அதிகாரியை அனுப்பினார்கள். நோட்டைப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் எண் இருந்தது. ஒரு பக்கத்தில் இல்லை. என்னைக் கூப்பிட்டார்.

“மழையிலயா ஒட்டுனீங்க?”

“மழை வெளிய சார். செவுரு உள்ள.”

“ஈரம் எவ்வளவு இருந்துச்சு?”

“கம்மி.”

“கம்மின்னா எவ்வளவு?”

யோசித்தேன். “ரொம்ப கம்மி.”

அவர் சாரைப் பார்த்தார். சார் நோட்டில் தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரை இழுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அதிகாரி சொன்னார். தன் டாலி மூன்றையும் தன் பசையையும் கொண்டுவந்திருந்தார். படிக்கட்டுப் பக்கம், துணிக்கு மேல் நாங்கள் அடித்திருந்த பெயிண்ட்டின் மேலேயே ஒட்டினார். பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும் என்று சார் சொன்னார். ஒரு தடவைதான் சொன்னார். எத்தனையோ இடத்தில் இப்படித்தான் செய்திருக்கிறேன் என்று அதிகாரி பதில் சொன்னார்.

மறுநாள் காலையில் இழுத்தார். மூன்றும் பெயிண்ட்டை மட்டும் உரித்துக்கொண்டு வந்தன. ஒன்று கையாலேயே வந்தது.

“வந்தது பெயிண்ட்” என்றார் சார்.

“சார், நான் பாத்தத எழுதணும். நோட்டுல எண் இல்ல. இழுத்தா வந்துடுது. சுவரை உரிச்சிட்டு மறுபடி ஒட்டச் சொல்லித்தான் எழுத முடியும்.”

வேறு டாலி ஒட்டலாம் என்றால் இறுக ஒரு நாள் வேண்டும். அவருக்கு மதியம் வண்டி. அறிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவேன் என்றார். ஒட்டிய துணியை உரிப்பது ஒட்டுவதைவிடப் பத்து மடங்கு வேலை. அடுத்து வரவிருந்த வேலையை எங்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். எட்டு ஆள் வீட்டில் உட்கார வேண்டும். அதைவிட, என் ஒரு சொல்லுக்குக் கீழே சாரின் பெயர் இருந்தது.

சகாயமேரி அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மறுபடி எத்தனை நாள், தாஸ் அண்ணே?”

“ஒரு மாசம் ஆகும்மா.”

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “நான் இங்கனயே தூசிக்குள்ள கிடக்கேன். அந்த வீட்டுக்குப் போவ மாட்டேன்” என்றார்.

முனுசு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் என் விலாவில் முழங்கையால் இடித்தான். மெதுவாகச் சொன்னான். அவனுக்கு மெதுவு என்பது படிக்கட்டு முழுக்கக் கேட்கும்.

“சொல்லிடு அண்ணாத்தே. என்னால இதுக்கு மேல தாங்க முடியாது. எட்டு மாசமா வவுத்துலயே வச்சுகினு கீறேன்.”

நான் சாரிடம் போனேன்.

“சார். பன்னிரண்டாவது இங்க கீது.”

சார் என்னைப் பார்த்தார். நான் ஹால் சுவரைக் காட்டினேன். மாதா படத்தைக் காட்டினேன். அவர் உள்ளே போய்ப் படத்தின் அடிப்பக்கத்தை ஒரு விரலால் தூக்கிப் பின்னால் பார்த்தார். 

“எப்ப ஒட்டினீங்க?”

“அன்னிக்கே சார். மழையன்னிக்கு. அதே வாளி. அப்பாலதான் சுத்தி பெயிண்ட் அடிச்சோம்.”

“அடியில பெயிண்ட் இல்ல?”

“இல்ல சார். துணி மேல.”

சார் அதிகாரியைக் கூப்பிட்டார். சந்தேகப்பட்ட அதே சுவர், அதே நாள், அதே ரெசின், எட்டு மாதம் இறுகிய டாலி, இழுத்துப் பாருங்கள் என்றார். விதிப்படி இது சோதனைக்குக் குறித்த இடம் இல்லையே என்று அதிகாரி தயங்கினார். படியில் உட்கார்ந்திருந்த சகாயமேரி அம்மா எழுந்தார். சிலுவை போட்டுக்கொண்டு படத்தைக் கழற்றினார். வைக்க இடம் தேடினார். எதிரே அதிகாரி நின்றிருந்தார். அவர் கையில் கொடுத்தார்.

“கொஞ்சம் பிடிங்க. செருப்ப மட்டும் கழட்டிருங்க. கீழ வச்சிராதீங்க.”

அதிகாரி ஷூவைக் காலாலேயே உதறிவிட்டு, படத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவரால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. மாதாவைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிற மனிதரை நான் பார்த்ததில்லை.

சார் கொக்கியைக் கழற்றினார். டாலியைச் சுற்றித் துணியை அறுத்துக் கான்கிரீட் வரை வட்டம் போட்டார். மெஷினை மாட்டினார். கைப்பிடியை மெதுவாகச் சுற்றினார். முள் ஏறியது. எனக்கு எட்டு மாதத்து ஐந்தரை மணிகள் எல்லாம் ஒன்றாக வந்தன. நான் ஒட்டியது எனக்குத் தெரியும். காய்ந்த சுவர்தான். ஆனாலும் அந்த நேரத்தில், நான்கு இடத்தில் பார்த்தேனா, மூன்று இடத்தில்தான் பார்த்தேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. நோட்டில் எழுதுவது எதற்காக என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

முள், வேண்டிய அளவைத் தொட்டது. தாண்டியது. சார் நிறுத்தவில்லை. இன்னும் சுற்றினார்.

“உட்ரா, உட்ரா” என்று முனுசு முணுமுணுத்தான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

டப் என்றது. டாலி மெஷினோடு கையில் வந்தது. அதன் மூஞ்சியில் துணி. துணியின் மேல் பெயர்ந்த கான்கிரீட், ஜல்லியோடு, ஒரு எலுமிச்சம்பழ அளவு.

சார் அதை அதிகாரியின் முகத்துக்கு நேரே காட்டினார்.

“கான்கிரீட்” என்றார்.

அதிகாரி படத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தார். தலையாட்டினார். எழுதிக்கொள்கிறேன் என்றார். எழுதக் கை இல்லை. சுற்றிலும் பார்த்தார்.

“அம்மா, இத எங்க மாட்டுறது?”

“அத நீங்கதான் சொல்லணும். மாட்டுற இடத்த இப்பத்தான் புடுங்கிட்டீங்க” என்றார் சகாயமேரி அம்மா.

சுவர் தேறியது. அறிக்கையில் அவர் எழுதியதைச் சார் எனக்குப் படித்துக் காட்டினார். சோதனை நடந்த இடம் என்ற கட்டத்தில் ‘மாதா படத்தின் பின்புறம்’ என்று இருந்தது.

அன்று சாயந்திரம் ஐந்தரைக்குச் சார் பெட்டியைத் திறந்தார். தொட்டு எண்ணினார். கான்கிரீட் ஒட்டிய டாலியை அதன் குழியில் வைத்துப் பார்த்தார். மூடி மூடவில்லை. வெளியே எடுத்து மேசையில் வைத்தார்.

“எட்டு மாசம்” என்றார்.

“ஆமா சார்.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பேன்.”

“தெரியும் சார். கேக்க வரல.”

அவர் தலையாட்டினார். அதற்குமேல் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது. முனுசுவுக்குத்தான் போதவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை பேசிக்கொண்டே வந்தான்.

மறுநாள் பள்ளத்தைப் பட்டி போட்டு அடைத்து, மேலே புதுத் துணி ஒட்டினோம். காய்ந்த பிறகு சார் தானே பெட்டியிலிருந்து இன்னொரு டாலியை எடுத்து வந்தார். பள்ளத்தைவிட்டு ஒரு சாண் தள்ளி, பெயிண்ட்டைத் தன் கையால் சுரண்டினார். ஒரு ஸ்பூன் ரெசின் போதும். அதையும் தராசில் நிறுத்துக் கலக்கச் சொன்னார். நோட்டை என் கையில் கொடுத்தார். கையைக் கழுவிவிட்டு எழுதுங்க என்றார்.

நான் எழுதியதிலேயே நீளமானது அதுதான். இந்தக் கடிதத்தை விட்டுவிட்டால். சுவர் ஈரம் நான்கு இடத்தில், நான்கு எண். சூடு. கலந்த நேரம். ஒட்டிய நேரம். டாலி ஒன்று, கொக்கி ஒன்று. மாதா படம் மறுநாள் மாட்டப்பட்டது. கடைசியில் இடம் இருந்ததால், ‘மழை இல்லை’ என்றும் எழுதினேன். சார் முழுவதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை படித்தார்.

கான்கிரீட் ஒட்டிய டாலியைப் பிறகு சுத்தியலால் தட்டிச் சுத்தம் செய்து குழியில் வைத்தோம். பெட்டியில் மறுபடி பதினொன்று. அதற்குப் பிறகு சார் தினமும் எண்ணினார். ‘பதினொண்ணு’ என்பார். நான் வாளிப் பக்கம் திரும்பவில்லை. புது ஆள் யாராவது இன்னொன்று எங்கே என்று கேட்டால், “அது டூட்டியில இருக்கு” என்று சொல்லிவிட்டு மூடுவார்.

சாரும் ஓய்வு பெற்றுவிட்டார். சகாயமேரி அம்மாவும் ஊரோடு போய்விட்டார். படத்தைக் கொண்டுபோனார், டாலியைக் கேட்டுப் பார்த்தார், அது வராது என்றேன். போன மாதம் ஆவடிக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். வேறு குடும்பம் இருக்கிறது. அதே கொக்கியில் முருகன் படம் தொங்குகிறது. டாலிக்கு அதில் ஆட்சேபணை இல்லை. சரக்கு ரயில் ஒன்று போனது. சமையலறையில் பாத்திரம் ஆடியது. படம் ஆடவில்லை.

ஆகவே, தம்பிகளே, ஸ்டோர் நோட்டில் தொலைந்தது என்று எழுத வேண்டாம். அந்தக் கட்டத்தில் இவ்வளவும் எழுத இடம் இருக்காது. ஒரு சொல் போதும்.

டூட்டி.